முன்னடியார் குடும்பத்தின் ஆயுள்

ஒரு காட்டில் ஆறு ஒன்று ஓடியது. ஓடியது என்பது மழைக்காலத்துப் பேச்சு. கோடை வந்தால் ஆறு வெறும் மணலாகிவிடும். பெரிய மருத மரத்தின் அடியில் ஒரு மடுவில் மட்டும் தண்ணீர் நிற்கும். அந்தக் கலங்கல் மடுவுக்குள் ஒரு முதலை கிடந்தது.

குழந்தைகளே, அந்த முதலையை நல்லது என்றும் சொல்லமாட்டேன், கெட்டது என்றும் சொல்லமாட்டேன். பசித்தால் பிடித்தது, பசி தீர்ந்தால் தூங்கியது. அது யாரிடமும் பொய் சொன்னதில்லை. பொய் சொல்கிறவர்கள் கரையில் இருந்தார்கள்.

அந்தக் காட்டில் கடமான் கூட்டம் ஒன்று வாழ்ந்தது. கோடையில் மடுவில் இறங்குவதற்கு அவை ஒரு முறை வைத்திருந்தன. ஒரு குடும்பத்து ஆண்மான் முதலில் தண்ணீரில் கால் வைக்க வேண்டும். முதலை பிடிக்கவில்லை என்றால், பிணைமான்களும் கன்றுகளும் இறங்கிக் குடிக்கும். முதலை பிடித்துவிட்டால், அது தின்று தூங்கப் போனதும் எல்லாரும் இறங்கி நிம்மதியாகக் குடிக்கலாம். எப்படியும் கூட்டத்துக்குத் தண்ணீர் உண்டு.

கூட்டத்தின் தலைவர் நெடுங்கொம்பர் குடும்பம் மேட்டில் நின்று பார்த்துக்கொண்டிருக்கும். கடைசியாக இறங்கும்.

முதலில் கால் வைக்கும் குடும்பத்துக்குச் சும்மா அந்த வேலையைக் கொடுத்துவிடவில்லை. பட்டம் கொடுத்திருந்தார்கள். 'முன்னடியார்' என்பது அந்தப் பட்டம். மகனுக்குக் கொம்பு கிளைத்து, அதன்மேல் மூடியிருக்கும் மெல்லிய தோல் உரிந்ததும், தலைவரே தன் வாயால் சீந்தில் கொடியைக் கவ்வி வந்து அவன் கொம்பில் சுற்றுவார். கூட்டமே தரையில் குளம்பைத் தட்டும். அந்தச் சத்தத்தில் எந்த இளங்கடமானுக்கும் நெஞ்சு நிமிரத்தான் செய்யும்.

பட்டம் கொடுக்கிறவன் எந்த இடத்தில் நின்று கொடுக்கிறான் என்று அன்றைக்கு யாரும் பார்க்கவில்லை.

அந்தக் கூட்டத்துக்கு ஆயுள் சொல்ல ஒரு நரி வரும். கன்று பிறந்தால் நரியைக் கூப்பிடுவார்கள். நரி கண்ணை மூடிக்கொண்டு கன்றின் நெற்றியை மோந்து பார்க்கும். பிறகு, "தகப்பன் யார்?" என்று கேட்கும்.

"நெடுங்கொம்பர்" என்று பதில் வந்தால், "ஆகா! நீண்ட ஆயுள். இரத்தத்திலேயே இருக்கிறது" என்று சொல்லும்.

"கருவரையன், முன்னடியார்" என்று பதில் வந்தால், தலையைத் தொங்கப்போட்டுக்கொள்ளும். "குறைந்த ஆயுள். தகப்பன் வழி. நாம் என்ன செய்ய முடியும்?" என்று பெருமூச்சு விடும்.

மருத மரத்தில் ஒரு மந்தி இருந்தது. அது எதையும் வாயை மூடிக்கொண்டு பார்க்கத் தெரியாத மந்தி. "ஏன் நரியாரே, மூக்கால் மோந்துவிட்டுக் காதால் கேட்கிறீரே! மூக்கு அடைத்துக்கொண்டதா?" என்று மேலேயிருந்து கேட்கும்.

"கிளையை ஆட்டுகிறவர்களுக்குச் சாத்திரம் தெரியாது" என்று நரி பதில் சொல்லும். கூட்டம் மந்தியைப் பார்த்து முறைக்கும்.

நரி சொன்னது பலிக்காமல் போனதே இல்லை. அதுதான் வேடிக்கை. முன்னடியார் குடும்பத்து ஆண்கள் ஒருவர் தவறாமல் இளம் வயதில் போனார்கள். துவரன் என்று ஓர் இளங்கடமான் இருந்தான். அவன் பாட்டன் மடுவில் போனான். தகப்பன் கருவரையன் போன கோடையின் கடைசியில் போனான். "பார்த்தீர்களா, இரத்தம்!" என்றது நரி. "ஆயுள் குறைந்த குடும்பம் முன்னால் போவதுதான் நியாயம். எப்படியும் போகப்போகிறவர்கள்தானே?" என்றார்கள் மேட்டில் நின்றவர்கள்.

மழை வந்தது, போனது. மறுபடி கோடை பிறந்தது. துவரன் ஒரு மரத்தில் கொம்பை உரசிக்கொண்டிருந்தான். கொம்புத் தோல் நார்நாராகத் தொங்கியது.

அதைப் பார்த்த அவன் தாய் நெல்லிக்கு வாயில் இருந்த தழை இறங்கவில்லை.

"துவரா, உரசாதே. விடு."

"அரிக்கிறது அம்மா. இன்னும் கொஞ்சம்தான் இருக்கிறது. உரிந்ததும் எனக்குக் கொடி சுற்றுவார்கள், தெரியுமா? நேற்று நெடுங்கொம்பர் என்னைப் பார்த்துத் தலையசைத்தார். மேட்டில் இருந்துகொண்டே தலையசைத்தார்!"

"உன் அப்பாவைப் பார்த்தும் அசைத்தார்."

"அப்பா வீரர். எல்லாரும் சொல்கிறார்கள்."

"எல்லாரும் சொல்கிறார்கள். சொல்வதற்கு எல்லாரும் உயிரோடு இருக்கிறார்கள். அவர் எங்கே?"

துவரன் மறுபடி கொம்பை மரத்தில் உரசினான். பிறகு, "ஆயுள் அவ்வளவுதான் அம்மா. நம் குடும்பத்து இரத்தம் அப்படி. சும்மா செத்துப்போவதைவிடப் பட்டத்தோடு போவது மேல்" என்றான்.

இந்த வார்த்தை அவன் வாயில் பிறந்தது இல்லை. ஆனால் பெற்ற தாயிடம் அதைச் சொல்லும் அளவுக்கு அது அவனுக்குள் போயிருந்தது. நெல்லி எழுந்து போய்விட்டாள்.

அவள் நேராகத் தன் மதினி கொன்றையிடம் போனாள். கொன்றை, செத்துப்போன கருவரையனின் அக்காள். காட்டில் அவ்வளவு கிழட்டுப் பிணை வேறு இல்லை. முகமெல்லாம் நரைத்து, பல் தேய்ந்து, ஒரு தழையை மென்று முடிப்பதற்குள் நிழல் இடம் மாறிவிடும்.

"என்னடி நெல்லி, முகம் ஏன் இப்படித் தொங்குகிறது?"

"துவரனுக்குக் கொம்புத் தோல் உரிகிறது மதினி."

கொன்றை மெல்லுவதை நிறுத்தினாள். "அதற்குள்ளாகவா! நேற்றுத்தான் உன் வயிற்றுக்கடியில் முட்டிக்கொண்டிருந்தான். என்ன செய்வது, நம் குடும்பத்து ஆயுள் அப்படி. நீ கொஞ்சம் அந்தப் பிஞ்சுத் தழையாகப் பார்த்து இழுத்துப் போடேன். எனக்கு முற்றின இலை மெல்ல முடியவில்லை. வயதாகித் தொலைத்துவிட்டதடி."

நெல்லி தழையை இழுத்தாள். பாதி இழுத்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

"மதினி, உங்கள் அப்பா யார்?"

"இது என்னடி கேள்வி! உன் புருஷனுக்கு யார் அப்பாவோ அவர்தான் எனக்கும்."

"அம்மா?"

"அதே அம்மாதான். உனக்கு வெயில் தலைக்கு ஏறிவிட்டதா?"

"ஒரே அப்பா, ஒரே அம்மா. ஒரே இரத்தம். அவர் கொம்பு முற்றும் முன்னால் போய்விட்டார். உங்களுக்குப் பல்லே தேய்ந்துவிட்டது. எப்படி மதினி?"

"நான் பிணைதானே? நான் எங்கே முதலில் இறங்கினேன்? அவன் கால் வைத்த பிறகு..."

கொன்றையின் வாயிலிருந்து தழை கீழே விழுந்தது. ஆயுள் முழுக்க மென்றுகொண்டிருந்த ஒன்றை அன்றுதான் அவள் துப்பினாள்.

"அடிப்பாவி!" என்றாள் மெதுவாக. "இத்தனை காலம் இது எனக்குத் தோன்றவே இல்லையே!"

"எனக்கும் இப்போதுதான் தோன்றியது. ஆனால் நாம் சொன்னால் கேட்பார்களா? 'பிணைகளுக்குச் சாத்திரம் தெரியாது' என்று நரி ஒரே வார்த்தையில் முடித்துவிடும்."

"பின்னே என்ன செய்யப்போகிறாய்?"

நெல்லி யோசித்தாள். "அவர்கள் முறையில் ஒன்று இருக்கிறது மதினி. தாய் 'இறங்கு' என்று சொன்ன பிறகுதான் புது முன்னடியார் தண்ணீரில் கால் வைக்க வேண்டும். நம்மையே சொல்ல வைத்துவிட்டால், பிறகு யாரையும் நொந்துகொள்ள முடியாது என்று அந்த முறையை வைத்திருக்கிறார்கள். நான் அந்த வார்த்தையைச் சொல்வதற்கு முன்னால் கொஞ்சம் பேசப்போகிறேன்."

அந்த நாள் வந்தது. மழை இல்லாத நாள்கள் நீண்டு, காட்டுக் குட்டைகள் எல்லாம் வெடித்துப் போயிருந்தன. மடு ஒன்றுதான் மிச்சம். காலையிலேயே கூட்டம் முழுவதும் கரையில் கூடிவிட்டது. கன்றுகளுக்கு நாக்கு ஒட்டிக்கொண்டிருந்தது. நரி ஒரு பாறைமேல் வசதியாக உட்கார்ந்திருந்தது. மருத மரத்தில் மந்தி வாலைத் தொங்கவிட்டபடி காத்திருந்தது.

மணலுக்கு அந்தப் பக்கம் காட்டுப்பன்றிகள் மூக்கால் மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தன.

"காலையிலேயே ஆரம்பித்துவிட்டன பார், சேறு பூசிக்கொள்ள" என்று ஒரு கடமான் முகத்தைச் சுளித்தது.

நெடுங்கொம்பர் சீந்தில் கொடியைக் கொண்டுவந்து துவரனின் கொம்பில் சுற்றினார். "இன்று முதல் இவன் முன்னடியார். நம் கூட்டத்தின் பெருமை!" என்றார். குளம்புகள் தட்டின. துவரன் நெஞ்சை நிமிர்த்தினான்.

பிறகு தண்ணீரைப் பார்த்தான்.

தண்ணீர் அசையாமல் கிடந்தது. அந்த அசையாமைதான் அவனை என்னவோ செய்தது. அவன் தாயின் பக்கம் தலையைச் சாய்த்து, மற்றவர்களுக்குக் கேட்காமல், "அம்மா, எனக்குப் பயமாக இருக்கிறது" என்றான்.

"இருக்கட்டும்" என்றாள் நெல்லி. "என் பக்கத்திலேயே நில்."

"ம், சொல்லு மருமகளே" என்றார் நெடுங்கொம்பர். "கன்றுகள் தாகத்தில் நிற்கின்றன. 'இறங்கு' என்று ஒரு வார்த்தை சொல்லு."

"சொல்கிறேன் மாமா. அதற்கு முன்னால் நரியாரிடம் ஒன்று கேட்டுக்கொள்ளலாமா? பெற்றவள் மனசு. ஆறுதலுக்காக."

"கேள், கேள்."

"நரியாரே, என் மகனுக்கு ஆயுள் எவ்வளவு?"

நரி தலையைத் தொங்கப்போட்டது. "குறைவுதான் அம்மா. தகப்பன் வழி. இரத்தம்."

"நம் தலைவருக்கு?"

நரியின் தலை நிமிர்ந்தது. "அதைக் கேள்! அவர் அப்பா எப்படிப் போனார்? கிழடாகி, பல் உதிர்ந்து, நிழலில் படுத்தவர் படுத்தபடியே போனார். அவர் பாட்டனும் அப்படியே. அந்த ஆயுள் சிந்தாமல் சிதறாமல் இவருக்கு வந்திருக்கிறது."

நெடுங்கொம்பர் கழுத்தை இன்னும் கொஞ்சம் உயர்த்திக்கொண்டார்.

"அது உறுதிதானா?"

"உறுதியா? இரத்தத்தில் இருப்பது எங்கே போகும்?"

"புலி வந்தால்?"

"புலி தோற்கும்."

"இடி விழுந்தால்?"

"பக்கத்து மரத்தில் விழும்."

"முதலை?"

"முதலை என்ன முதலை! ஆயுள் உள்ளவரை அதன் பல் இவர் தோலில் இறங்காது. நான் சொல்கிறேன்."

"கேட்டீர்களா எல்லாரும்?" என்று கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினாள் நெல்லி. "கேட்டீர்களா மாமா? எவ்வளவு நல்ல செய்தி! சாக முடியாத ஒருவர் நம் கூட்டத்தில் இருக்கிறார். அவரை மேட்டில் நிறுத்திவிட்டு, சாகப்போகிறவனைத் தண்ணீரில் இறக்கிக்கொண்டிருக்கிறோம். இப்படியும் ஒரு முட்டாள்தனம் உண்டா? நீங்கள் முதலில் இறங்குங்கள். உங்களை முதலையால் ஒன்றும் செய்ய முடியாது. என் மகன் தன் குறைந்த ஆயுளை மேட்டில் நின்று கழித்துவிட்டுப் போகட்டும்."

மரத்தில் மந்தி கிளையைக் கைவிட்டுவிட்டு மறுபடி பிடித்துக்கொண்டது.

கூட்டத்தில் ஒரு முணுமுணுப்பு எழுந்தது. ஒரு தாய்மான், "அவள் சொல்வதும் சரிதானே?" என்றாள். இன்னொருத்தி, "எத்தனை காலமாக இது நமக்குத் தோன்றவில்லை!" என்றாள். தாகத்தில் தவித்த கன்று ஒன்று, "தாத்தா இறங்கட்டும்! தாத்தாவுக்கு ஒன்றும் ஆகாது!" என்று கத்தியது. அது நெடுங்கொம்பரின் சொந்தப் பேரன்.

"முறை என்று ஒன்று இருக்கிறது..." என்று ஆரம்பித்தார் நெடுங்கொம்பர்.

"முறையை எதற்கு வைத்தோம்? கூட்டம் பிழைக்கத்தானே? நீங்கள் இறங்கினால் ஒருவரும் சாகவேண்டியதில்லையே மாமா!" என்றாள் நெல்லி. "நரியார் சொன்னது பொய்யாக இருந்தால் வேண்டாம். பொய் என்று சொல்லிவிடுங்கள்."

பொய் என்று எப்படிச் சொல்வார்? அந்தச் சொல்லின் மேல்தானே அவர் மேடு நின்றது! கூட்டம் முழுவதும் அவரையே பார்த்தது. துவரனின் கொம்பிலிருந்த கொடியை நெல்லி வாயால் உருவி அவர் கொம்பில் போட்டாள். குளம்புகள் தட்டின. துவரனுக்குத் தட்டியதைவிட இப்போது பலமாகத் தட்டின.

அவர் மேட்டை விட்டு இறங்கினார். நிமிர்ந்துதான் நடந்தார். ஈர மணல் வந்தது. தண்ணீரின் ஓரம் வந்தது. முன்காலைத் தூக்கினார்.

தூக்கிய கால் தூக்கியபடியே நின்றது.

அந்த மடுவை அவர் எத்தனையோ கோடை பார்த்திருக்கிறார். ஆனால் இந்த இடத்தில் நின்று பார்த்ததில்லை. மேட்டிலிருந்து பார்த்தால் அது தண்ணீர். இங்கிருந்து பார்த்தால் அது வேறு என்னவோ.

கூட்டம் பார்த்துக்கொண்டே நின்றது. பாறைமேல் இருந்த நரிக்கு மட்டும் பொறுக்கவில்லை. அது எழுந்து நின்றுவிட்டது. "இறங்குங்கள் தலைவரே! ஏன் யோசிக்கிறீர்கள்? இன்னும் ஓர் அடி! ஒரே ஓர் அடி!"

நெடுங்கொம்பர் திரும்பிப் பார்த்தார்.

நரியின் நாக்கு வெளியே தொங்கியது. நாக்கின் நுனியிலிருந்து நீர் சொட்டியது.

முதலை தின்றது போக மிச்சம் கரையில் ஒதுங்கும். அதைத் தின்றுதான் அந்த நரி கோடையெல்லாம் பிழைத்தது. முன்னடியார்கள் மெலிந்த இளசுகள். மேட்டில் நின்றே வளர்ந்த நெடுங்கொம்பரோ நன்றாகக் கொழுத்தவர். பாவம், நரி என்ன செய்யும்? சாத்திரம் சொன்ன அதே வாயில்தான் எச்சிலும் ஊறித் தொலைத்தது.

"நரியாரே" என்றார் நெடுங்கொம்பர் மெதுவாக. "உன் நாக்கு ஏன் ஈரமாக இருக்கிறது?"

"அது... தாகம் தலைவரே. வெயில்..."

"தாகம் எடுத்தால் நாக்கு காய்ந்துபோகும். எங்கள் கன்றுகளைப் பார்."

நெல்லி கரையிலிருந்து கேட்டாள்: "ஏன் மாமா நின்றுவிட்டீர்கள்? ஆயுள் இரத்தத்தில்தானே இருக்கிறது?"

நெடுங்கொம்பர் தூக்கிய காலைப் பின்னால் வைத்தார். ஓர் அடி, இன்னோர் அடி என்று பின்வாங்கினார். அப்புறம் வெடித்துவிட்டார்.

"இரத்தத்தில் என்ன இழவு இருக்கிறதோ எனக்குத் தெரியாது! முதலை தண்ணீரில் இருக்கிறது!"

பிறகு எங்கோ ஒரு கிழட்டுச் சிரிப்பு கிளம்பியது. கொன்றைதான். பல் தேய்ந்த சிரிப்பு. "அதைத்தானடா என் தம்பி கால் வைத்துப் பார்த்துச் சொன்னான்! என் அப்பா சொன்னார்! உனக்கு இன்றுதான் காதில் விழுந்ததா?" என்றாள். சிரித்துக்கொண்டிருந்தவள் எந்த இடத்தில் அழ ஆரம்பித்தாள் என்று யாருக்கும் தெரியவில்லை.

அப்போது மடுவின் நடுவே இரண்டு கண்கள் மேலே வந்தன. பின்னால் நீண்ட முகம் வந்தது. முதலை சலித்துப்போயிருந்தது.

"என்ன அங்கே கூச்சல்? யாராவது இறங்குகிறீர்களா இல்லையா? ஒரேயடியாகச் சொல்லிவிட்டால் நான் போய்த் தூங்குவேன்."

மந்திக்கு இது போதாதா? "முதலையாரே, முதலையாரே! இரண்டு குடும்பம் இருக்கிறது. ஒன்று நீண்ட ஆயுள், ஒன்று குறைந்த ஆயுள். உமக்கு எது பிடிக்கும்?"

"குடும்பமா?" என்றது முதலை. "எனக்குக் கால்தான் தெரியும். முதலில் எந்தக் கால் வருகிறதோ அதைப் பிடிப்பேன். தினமும் ஒரே வீட்டுக் கால் வருவது உங்கள் ஏற்பாடு. என்னைக் கேட்காதீர்கள்."

சொல்லிவிட்டு அது தண்ணீருக்குள் போய்விட்டது.

நெடுங்கொம்பர் கொம்பைத் தாழ்த்தினார். இந்த முறை தலையசைப்பதற்காக இல்லை. நரி அதைப் புரிந்துகொண்டது. பாறையிலிருந்து குதித்துப் புதருக்குள் பாய்ந்தது. அது ஓடிய வேகத்தைப் பார்த்து, "அட, நரியார் தன் ஆயுளைக் காலில் அல்லவா வைத்திருக்கிறார்!" என்றது மந்தி.

நரி போய்விட்டது. தாகம் போகவில்லை.

"இப்போது என்ன செய்வது?" என்று ஒரு தாய்மான் அழுதாள். "யாராவது இறங்கித்தானே ஆக வேண்டும்? என் கன்று நிற்க முடியாமல் சாய்கிறது."

கூட்டத்தின் கண்கள் மெல்ல, பழக்கத்தினால், துவரன் பக்கம் திரும்பின. நெல்லி அவன் முன்னால் வந்து நின்றாள்.

"இல்லை" என்றாள். "அந்தப் பக்கம் பாருங்கள்."

மணலில் காட்டுப்பன்றிகள் தோண்டிய பள்ளத்தைச் சுற்றி நின்றன. அவற்றின் மூக்கில் சேறு இருந்தது. அந்தச் சேறு ஈரமாக இருந்தது.

"மணலுக்கடியில் ஆறு இருக்கிறது" என்றாள் நெல்லி. "பன்றிகள் அதைத் தினமும் குடிக்கின்றன. நாம் தினமும் பார்த்திருக்கிறோம்."

"நாம் மண் தோண்டுவதா?" என்றார் நெடுங்கொம்பர். சொல்லும்போதே அவர் குரல் பாதியில் இறங்கிவிட்டது. "அது பன்றி செய்கிற வேலை இல்லையா?"

"ஆமாம் மாமா. பன்றி ஒன்றும் முதலை வாயில் போகவில்லை."

இத்தனை தலைமுறையாக ஒரு குடும்பம் செத்துக்கொண்டிருந்ததால், மற்றவர்களுக்கு வேறு வழி தேட வேண்டிய அவசியமே வரவில்லை. தோண்டுவது எப்படி என்றுகூட அவர்களுக்குத் தெரியாது.

துவரன்தான் முதலில் மணலில் குளம்பை இறக்கினான். முன்னங்காலால் வாரி வாரிப் பின்னால் எறிந்தான். அடுத்து நெல்லி. அடுத்து அந்தத் தாய்மான். மணல் சரிந்து சரிந்து பள்ளத்தை மூடியது, மறுபடி வாரினார்கள். கடைசியாக ஒரு பெரிய குளம்பு வந்து பள்ளத்தில் இறங்கியது. நெடுங்கொம்பர் யார் முகத்தையும் பார்க்கவில்லை. கொம்பில் தொங்கிய சீந்தில் கொடி மண்ணில் இழுபட்டு அறுந்தது. அவர் அதை எடுக்கவில்லை.

மணல் கறுத்தது. பிறகு கசிந்தது. பிறகு பள்ளத்தின் அடியில் ஒரு சிறிய கண் திறந்தது மாதிரி தண்ணீர் எட்டிப் பார்த்தது. முதலில் கலங்கல். கொஞ்சம் பொறுத்ததும் தெளிந்துவிட்டது.

கன்றுகள் முட்டிமோதிக்கொண்டு குடித்தன. பிறகு பிணைகள். பிறகு துவரன் குனிந்தான். அவன் குடிக்கும்போது நெல்லி பக்கத்திலேயே நின்றாள். தன் வீட்டு ஆண் ஒருவன் தண்ணீரில் வாய் வைப்பதை, உடம்பு நடுங்காமல் அவள் பார்த்தது அதுதான் முதல் தடவை.

"தண்ணீர் இனிக்கிறது அம்மா" என்றான் அவன், முகமெல்லாம் மணலாக.

"மெதுவாகக் குடி" என்றாள் அவள். "அவசரம் ஒன்றும் இல்லை."

அதற்குப் பிறகு கோடைதோறும் கூட்டம் ஊற்றுத் தோண்டியது. எல்லாக் குளம்பும் தோண்ட வேண்டும் என்பதுதான் புது முறை. சோம்பல் மான்களும் இருந்தன, சண்டையும் நடந்தது. 'நேற்று நான் தோண்டினேன், இன்று நீ' என்று கொம்போடு கொம்பு மோதிக்கொண்டார்கள். மோதிக்கொள்ளட்டுமே! அந்தச் சண்டையில் யாரும் சாகவில்லை.

முதலை கோடையில் மீன் தின்று காலம் தள்ளியது. மழைக்காலத்தில் வேறு மடுவுக்குப் போய்விட்டது. போகும்போது யாரிடமும் கோபித்துக்கொள்ளவில்லை.

நெடுங்கொம்பர் தன் அப்பாவைப் போலவே பல் உதிர்ந்து, நிழலில் படுத்துப் போனார். குளம்பில் ஊற்று மணல் ஒட்டியிருந்தது. அந்த மட்டில் அவர் அப்பாவைவிட அவர் ஒரு படி மேல்.

காலம் போனது. ஒரு நாள் அந்தப் பழைய நரி, புதிய முகத்தோடு கூட்டத்துக்குத் திரும்பி வந்தது. துவரனுக்குப் பேத்தி பிறந்திருந்தாள். நரி தூரத்தில் நின்றபடியே மூக்கைத் தூக்கி மோந்து பார்த்தது.

"ஆகா! துவரன் வீட்டு வாசனை. நீண்ட ஆயுள் வம்சம்! இரத்தத்திலேயே இருக்கிறது. இப்படிப்பட்ட குடும்பம் மணல் தோண்டலாமா? மேட்டில் அல்லவா நிற்க வேண்டும்!"

துவரன் தன் கனத்த கொம்பை ஒரு பக்கமாகச் சாய்த்து நரியைப் பார்த்தான். "என் கொம்பின் வளைவு என் அப்பாவுடையது" என்றான். "செம்பட்டைத் தோல் அம்மாவுடையது. ஆயுளிலும் கொஞ்சம் அவர்களிடமிருந்து வந்திருக்கலாம். இல்லை என்று சொல்லமாட்டேன். மிச்ச ஆயுள் அதோ, அந்தப் பள்ளத்தில் இருக்கிறது. நீயும் ஆயுளோடு இருக்க வேண்டுமானால் இப்போதே கிளம்பு."

நரி கிளம்பியது. மரத்தில் பழைய மந்தியின் மகள் வாலை ஆட்டி வழியனுப்பினாள். அவளுக்கும் வாய் சும்மா இருக்காது.

அன்று வெயில் தாழ்ந்ததும் துவரன் தாயின் பக்கத்தில் வந்து படுத்தான். நெல்லி இப்போது கொன்றையைப் போல ஆகியிருந்தாள். பிஞ்சுத் தழைதான் மெல்ல முடியும். கண்ணும் மங்கல். அவள் மகனின் முகத்தை நக்கிக்கொடுத்தாள். நக்கியவள் சட்டென்று நின்றாள். முகத்தைப் பின்னுக்கு இழுத்து, கண்ணை இடுக்கிப் பார்த்தாள்.

"துவரா, அசையாதே. உன் மூக்குக்கு மேலே என்ன அது, வெள்ளையாக?"

"மணலாக இருக்கும் அம்மா."

அவள் மறுபடி நக்கினாள். அது போகவில்லை. இன்னொரு முறை நக்கினாள். போகவில்லை.

"மணல் இல்லையடா" என்றாள் நெல்லி. "நரை. உனக்கு நரைத்துவிட்டது!"

அந்தக் குடும்பத்தில் ஆண்முகம் ஒன்று நரைத்ததை அதற்கு முன்னால் எந்தக் கடமானும் கண்டதில்லை. நெல்லி எழுந்து, தள்ளாடிக்கொண்டே, படுத்திருந்த ஒவ்வொருவரையும் மூக்கால் தட்டி எழுப்பினாள்.

"வந்து பாருங்கள்" என்றாள். "என் மகன் கிழவன் ஆகிறான். வந்து பாருங்கள்!"

நீதி: தகப்பன் செத்த இடத்திலேயே மகனையும் நிறுத்திவிட்டு, ஆயுள் குறைவு இரத்தத்தில் இருக்கிறது என்று சொல்லாதே, முதலில் அவன் நிற்கும் இடத்தை மாற்று.